மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வந்து மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் நிற்கப்போகிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கோட்டை, பொது நூலகம், நல்லூர், கசூரினாக் கடற்கரை எல்லாம் பட்டியலில் போட்டுவிட்டேன், இதற்கு வெளியே ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எங்கே போகலாம், பிறகு கொழும்புக்குப் பஸ்ஸா ரயிலா என்று. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், அதிலிருந்துதான் பதில் சொல்ல முடியும். 1980களின் கடைசியில் ஒரு அண்ணையிடம் போட், அதாவது பெயர்ப்பலகை, எழுதப் பழகினேன். தகரத்தில் நூல் அடித்து எனாமல் பெயின்றால் எழுத்து எழுதுகிற வேலை. இப்போது அதே கடையில் மகன் பிளெக்ஸ் அடிக்கிறான், நான் பக்கத்தில் கதிரை போட்டு எழுத்துப் பிழை பார்க்கிறேன். ஆகவே புதிதாக எங்கேயும் போக வேண்டாம் தம்பி, போகிற வழியில் மதிலையும் மின்கம்பத்தையும் கடைப் பலகையையும் வாசித்துக்கொண்டு போங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறதை எல்லாம் இந்த ஊர் காசு கொடுத்து அங்கே ஒட்டி வைத்திருக்கிறது.

முதலில் மரண அறிவித்தல். பயந்துவிட வேண்டாம், இங்கே அதுதான் பெரிய விளம்பரம், சவர்க்காரமும் தொலைபேசியும் அதற்குப் பிறகுதான். எந்தச் சந்தியில் இறங்கினாலும் கறுப்புக் கரை போட்ட தாள் ஒன்று கம்பத்தில் இருக்கும், வசதியான வீடு என்றால் ஆள் உயரத்தில் கண்ணீர் அஞ்சலி பனர். அதன் முதல் வரியை வாசியுங்கள்: "யாழ். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட..." சில வேளை நடுவில் இன்னொரு ஊரும் வரும், பிறந்தது ஒரு தீவில், வாழ்ந்தது வவுனியாவில், கண் மூடியது பாரிசில் என்று. ஒரு ஆளின் முழுப் பயணமும் அந்த ஒரு வசனத்துக்குள் முடிந்துவிடும். பிறகு "அன்னார்" என்று தொடங்கி, காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று போய், பிள்ளைகள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா, கடைசியில் ஒரு கொழும்பு. நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் அடைப்புக்குள் உத்தியோகம்தான் இருக்கும், ஆசிரியர், இலிகிதர், புகையிரத நிலைய அதிபர் என்று. எந்த வருசத்தில் உத்தியோகம் போய் நாடு வந்தது என்று எனக்கே தெரியாமல் மாறிப்போனது.

அந்த அடைப்புக்குள்தான் சண்டையும். செத்த வீட்டுக்காரர் கடைக்கு வந்து, யார் பெயர் முதல், மருமகன் பெயர் விடுபட்டதா, மகன் இப்போது நோர்வேயா ஜேர்மனியா என்று ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். ஒருமுறை எல்லாம் அடித்து ஒட்டின பிறகு இரவு இரண்டு மணிக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு: "என்ரை பேருக்குப் பக்கத்திலை பிரான்ஸ் போடேல்லை, ஊரிலை நான் எங்கை எண்டு நினைப்பினம்?" அம்மா செத்த துக்கத்திலும் மனிதருக்கு அது வலிக்கிறது. நாங்கள் விடியமுதல் திரும்ப அடித்து ஒட்டினோம். காசு கேட்கவில்லை, கேட்க மனம் வரவில்லை.

இதற்கு வேர் வானொலியில் இருக்கிறது. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகிற நேரம் எங்கள் வீட்டில் கதை நின்றுவிடும், அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நிற்பா. பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம், இப்போது இணையத்தில் தனித் தளங்கள். 31ஆம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், அதற்கு இங்கே பெயர் கல்வெட்டு. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, தாள்தான். தேவாரம், திதி வெண்பா, குடும்ப மரம், பேரப்பிள்ளைகளின் கவிதை எல்லாம் இருக்கும். நூலகம் என்ற இணைய ஆவணகத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்களை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வருவதற்கு முன் நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். வழிகாட்டிப் புத்தகத்தை விட அது பிரயோசனம்.

சரி, கம்பத்திலிருந்து மதிலுக்கு வருவோம். மதில் முழுக்க ரியூசன். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், கீழே படிப்பிக்கிற சேரின் படம், கையைக் கட்டிக்கொண்டு சினிமாக் கதாநாயகன் மாதிரி. உயர்தரப் பரீட்சை எந்த வருசமோ அந்த வருசம்தான் பெரிய எழுத்தில். இங்கே பிள்ளைகளை வயதாலோ வகுப்பாலோ சொல்வதில்லை, இவர் இன்ன ஆண்டு ஏ.எல். பட்ச் என்றுதான் சொல்வார்கள். 5ஆம் தரப் புலமைப்பரிசிலுக்கே படம் போட்டு விளம்பரம் வரும், பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியோடு பனர் அடித்துச் சந்தியில் கட்டுவார்கள், நானும் அடித்துக் கொடுக்கிறேன், பிழைப்பு அது, ஆனால் புள்ளி குறைந்த பிள்ளை அதே சந்தியால்தான் பள்ளிக்கூடம் போக வேணும் என்பது ஒவ்வொருமுறையும் மனதில் வரும். ரியூசனுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலப் பரீட்சை வகுப்பு, மாணவர் விசா, கனடாவுக்குப் பார்சல். ஒரே மதிலில் இடமிருந்து வலமாக வாசித்தால் ஒரு பிள்ளை பத்து வயதிலிருந்து விமானம் ஏறும் வரை போகிற பாதை அப்படியே தெரியும். வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி அம்மாவின் கண்ணீர் அஞ்சலி.

பார்சல் என்றேன் அல்லவா, அந்தக் கடைகளில் ஒன்றுக்குள் சும்மா எட்டிப் பாருங்கள். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, பனங்கட்டி, பருத்தித்துறை வடை, முருங்கைக்காய் வற்றல். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் உலகம் சுற்றின அளவு அதை இடித்த மனிசி சுற்றியிருக்கமாட்டா.

கடைப் பலகைகளைப் பற்றிச் சொன்னால் நிறுத்தமாட்டேன், அதனால் இரண்டு விசயம் மட்டும். ஒன்று, வெதுப்பகம். உங்கள் ஊரில் பேக்கரி என்று போட்டிருப்பார்கள், இங்கே பலகையில் வெதுப்பகம் என்று இருக்கும். 1990 தொடக்கம் 1995 வரை குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது கடைப் பெயர் தூய தமிழில் இருக்க வேண்டும் என்று வந்தது, நாங்களும் பழைய போட் எல்லாவற்றையும் அழித்து எழுதினோம். ஐஸ்கிறீம் குளிர்களியானது, பாமசி மருந்தகமானது. காலம் எத்தனையோ தரம் மாறியும் வெதுப்பகம் மட்டும் நின்றுவிட்டது. ஆனால் உள்ளே போய் வெதுப்பி தாருங்கள் என்று யாரும் கேட்பதில்லை, பாண்தான் கேட்பார்கள், உங்கள் ஊர் பிரெட். பலகைக்கு ஒரு தமிழ், வாய்க்கு ஒரு தமிழ், இரண்டும் சண்டை பிடிக்காமல் ஒரே கடைக்குள் இருக்கின்றன. குளிர்களி குடிக்க ஆசை என்றால் நல்லூரடியில் றியோவுக்குப் போங்கள், அங்கே கூட்டத்தைப் பார்ப்பதே ஒரு பொழுது.

மற்றது, கடைக்காரர் பெயரை விடக் கம்பனிப் பெயர் பெரிதாக இருக்கிற போட். போர் முடிந்த 2009க்குப் பிறகு, தெற்கிலிருந்து வருகிற ஏ9 வீதியால் முதலில் வந்து இறங்கியவை வங்கிகளும் தொலைபேசிக் கம்பனிகளும் குளிர்பானமும். கடைக்கு இலவசமாகப் போட் அடித்துத் தருவார்கள், நிபந்தனை என்னவென்றால் முக்கால்வாசி இடம் அவர்களுடைய நிறமும் சின்னமும், மூலையில் கடைப் பெயர். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வருசத்துக்குள் ஏழு கடை ஒரே சிவப்பானது. காசு கொடுத்து என்னிடம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஏன் வருவார்கள்? கோபம் வந்தது, அது மறைக்கத் தேவையில்லை. ஆனால் பிழை அவர்கள் பக்கம் என்றும் சொல்லமாட்டேன், வருசக்கணக்காகப் பொருள் ஒழுங்காக வராத ஊரில் ஒரு கம்பனி தேடி வந்து உன் கடைக்குப் பெயர்ப்பலகை வைக்கிறேன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

பொருள் வராத காலம் என்றால் உங்களுக்குப் புரிய ஒரு உதாரணம். போர்க்காலத்தில் பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் அரசாங்கத் தடை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, தொடக்குவதற்கு மட்டும் துளி பெற்றோல், பிறகு பின்னால் ஒரு புகை வரும் பாருங்கள், அந்த மணம் இப்போதும் எங்கேயாவது வந்தால் எனக்கு 1992தான். உதயன் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது. பெயின்ற் கிடைக்காது, நான் ஒரு வருசம் போட் எழுதியது குறைவு, சைக்கிள் திருத்தியது கூட. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, சண்டை நெருங்கி வர, நகரமும் சுற்றியுள்ள ஊர்களுமான வலிகாமம் முழுக்க எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். அடுத்த வருசம் திரும்பி வந்தால் கடையில் ஒன்றும் இல்லை, இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டு யன்னலில் கதவுக்குப் பதிலாக என் போட் தலைகீழாக ஆணி அடித்திருந்தது. தகரம் துருப்பிடித்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. கழற்றித் தரவா என்று அந்த வீட்டு ஐயா கேட்டார். மழைக்காலம், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய விளம்பரம் பற்றிக் கேட்டால் வயதானவர்கள் முதலில் சொல்வது மில்க்வைற் சவர்க்காரம். யாழ்ப்பாணத்துக் கம்பனி. சவர்க்காரம் விற்கிறவர்கள் "மில்க்வைற் செய்தி" என்று ஒரு இதழே நடத்தினார்கள், அதில் சமயமும் நல்லொழுக்கமும் பனை நடுகையும்தான் கூட இருக்கும். இப்போது பிராண்டிங் என்று பெரிதாகப் படிப்பிக்கிறார்கள், அந்தக் கம்பனி முதலாளி பனங்கொட்டையை வைத்தே அதைச் செய்துவிட்டார். சினிமா விளம்பரம் என்றால் வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் வேகம், வீதியில் ஒலிபெருக்கி கட்டின கார், பின்னால் நோட்டீஸ் பொறுக்க ஓடுகிற நாங்கள். பழைய தியேட்டர்கள் பல போய்விட்டன, பெயர்கள் போகவில்லை. ஓட்டோக்காரர் "வெலிங்டன் சந்தியிலை இறக்கிவிடவோ?" என்று கேட்பார், அங்கே இறங்கி வெலிங்டன் தியேட்டரைத் தேடினால் கிடைக்காது. வழி கேட்டால் வீதிப் பெயர் சொல்லிப் பழக்கமில்லை எங்களுக்கு, எல்லாம் "அடி"தான், கோயிலடி, ஆலடி, தியேட்டரடி. இருக்கிறதையும் சொல்வோம், இல்லாததையும் சொல்வோம், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேணும்.

அரசாங்கப் பலகைகளில் மூன்று மொழி இருக்கும். தமிழ் ஆட்சி மொழியானது 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு. ஆட்சி மொழி ஆனதே தவிரப் பிழை பார்க்க ஆள் வைக்கவில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கான பஸ் ஆசனத்துக்கு மேல் "தாய்" என்பதில் ஒரு எழுத்து மாறி "நாய்" ஆகிப்போன படம் ஒன்று ஒரு காலம் எல்லார் கைபேசியிலும் சுற்றியது. எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு எரிச்சலும்தான், ஒரு எழுத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் போகும்? இப்படி ஒன்று கண்ணில் பட்டால் படம் எடுத்து வையுங்கள், எனக்கும் அனுப்புங்கள், நான் சேர்க்கிறேன்.

காதுக்கும் வேலை உண்டு. காலையிலும் பின்னேரமும் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும், சின்னப் பெட்டியில் பேத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு. அது யாருடைய இசை என்று எங்கள் ஒழுங்கையில் கேட்டால் பாண்காரன்ரை என்பார்கள். அதற்குப் போட்டியாக ஐஸ்கிறீம் வான் பழைய சினிமாப் பாட்டோடு வரும், பிறகு மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். பேசாமல் இருப்பது நல்லூர்க் கோயில் ஒன்றுதான். 25 நாள் திருவிழாவுக்கு வீதியெல்லாம் கம்பனிப் பந்தலும் பனரும், தாகசாந்திக்குக்கூடச் சின்னம் குத்தியிருக்கும், உள்ளே போனால் அர்ச்சனைச் சீட்டு 1 ரூபாய், பூசை மணி சொன்ன நேரத்துக்கு அடிக்கும். ஆடி அமாவாசையிலிருந்து எண்ணினால் ஆறாம் நாள் கொடி. அந்த நேரம் வருவதாக இருந்தால் தங்க அறையை இப்போதே சொல்லி வையுங்கள்.

பயணத்துக்கு வருவோம். மூன்று நாளில் ஒரு நாளை உள்ளூர் பஸ்ஸுக்கு ஒதுக்குங்கள். நகர பஸ் நிலையத்தில் பருத்தித்துறைக்குப் போகிற 750இல் ஏறினால் முப்பது கிலோமீற்றர் சொச்சம், நெல்லியடியால் போகும். சிவப்பு பஸ் அரசாங்கத்தின் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை), மற்றது தனியார். தனியாரில் பாட்டுச் சத்தம் கூட, சாரதிக்கு மேல் பிள்ளையாரும் மாதாவும் பக்கத்துப் பக்கத்தில் மின்விளக்கோடு இருப்பார்கள். ஏறின உடனே கொண்டக்டர் "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ" என்பார், பின்னால் இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். இறங்க வேண்டிய இடத்தில் "இறக்கம்" என்று சத்தமாகச் சொல்ல வேணும், மணியை நம்ப வேண்டாம். பக்கத்தில் இருக்கிற அம்மா உங்கள் தமிழைக் கேட்டதும் "எங்கை இருந்து வாறியள் தம்பி?" என்று தொடங்கி, சொந்தக்காரர் யாரும் இங்கே இருக்கினமா என்பது வரை போவா. கோபிக்க வேண்டாம், ஆளை ஊரோடு சேர்த்து வைக்காவிட்டால் எங்களுக்குக் கதை ஓடாது, மரண அறிவித்தலின் முதல் வரியும் அதே கேள்விக்கான பதில்தானே.

இரண்டாவது நாள் தீவுப்பக்கம். கசூரினா காரைநகரில்தான் இருக்கிறது, அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போக இடையில் ஒரு துண்டுக் கடல். அதைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பெயர் "பாதை". வீதி முடிகிற இடத்தில் வீதியே மிதந்து வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போகும், மோட்டார் சைக்கிளையும் ஏற்றலாம். பழுதாகிக் கிடக்கிற நாளும் உண்டு, காரைநகரில் கேட்டுவிட்டுப் போங்கள். நயினாதீவுக்கு என்றால் குறிகட்டுவானில் வள்ளம்.

கடைசியாகப் பஸ்ஸா ரயிலா. பகல் என்றால் ரயில். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கி 1990இல் நின்றது, யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போய்விட்டன. வந்த அன்று ஏறப் போனவர்களை விடப் பார்க்கப் போனவர்கள் கூட, நானும் மகனும் அதில் அடக்கம், 24 வயது வரை ரயிலைக் காணாத பிள்ளைகள் ஸ்ரேசனில் நின்று கைபேசியில் படம் பிடித்தார்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர் விரிகிற இடத்தில் யன்னல் பக்கம் இருங்கள். ஆனால் இந்தப் பாதை திருத்தவேலைக்கு என்று அடிக்கடி மூடப்படும், ஓடுகிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள், ஆசனமும் முற்கூட்டியே பதிய வேணும். இரவு என்றால் பஸ். பின்னேரம் கிளம்பி விடியப்புறம் கொழும்பு வெள்ளவத்தையில் இறக்கிவிடும், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். ஏசியை மீன் பெட்டி மாதிரிப் போடுவார்கள், ஒரு போர்வை கையோடு இருக்கட்டும். இடையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டும்போது ஒரே நிறத்தில் நாலு பஸ் வரிசையாக நிற்கும், இறங்குகிற நேரம் நித்திரைக் கண்ணோடு என்றாலும் இலக்கத்தகட்டை ஒருக்கால் வாசித்துவிட்டு இறங்குங்கள். நான் ஒருமுறை வாசிக்காமல் இறங்கி, வேறொரு பஸ்ஸில் வேறொருவருடைய இருக்கையில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.